தோட்டாவும் இயந்திரத்தின் உறுப்பே!

உங்கள் வீட்டுத் தையல் இயந்திரம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள், வழக்கமான ஊசிக்குப் பதிலாக ஒரு நூலிழை நீளம் கூடிய ஊசியைப் பொருத்துகிறீர்கள். அவ்வளவுதான், நூல் அறுகிறது, தையல் விடுபடுகிறது, சில நேரம் ஊசியே ஒடிந்து போகிறது. இயந்திரத்தில் எந்தக் கோளாறும் இல்லை. ஊசி கூர்மையில் குறைந்ததும் இல்லை. ஒன்றுக்கொன்று அளவு பொருந்தவில்லை என்பதே குறை.

இதே தொல்லையை இன்று உலகின் சில நாடுகளில் வேறொரு கூட்டத்தார் சந்திக்கின்றனர். 19-ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற தொடர்வேட்டுத் துப்பாக்கிகளை அப்படியே பிரதி செய்து இத்தாலி போன்ற நாடுகளில் இன்றும் உற்பத்தி செய்கிறார்கள். பழமையில் ஆர்வமுள்ளவர்கள் அவற்றை வாங்கிப் போட்டிகளில் குறிபார்த்துச் சுடுகிறார்கள். பளபளக்கும் பித்தளை உடல், வாதுமை மரப் பிடி, எண்கோணக் குழல் என எல்லாம் பழையபடியே இருக்கும். ஆனால் சுடத் தொடங்கினால், இரண்டு தோட்டாக்கள் ஒழுங்காக ஏறும். மூன்றாவது பாதியில் நின்று சிக்கிக்கொள்ளும். துப்பாக்கியைக் குறை சொல்வார்கள். அதைக் கழற்றித் தேய்ப்பார்கள், எண்ணெய் விடுவார்கள். பெரும்பாலும் காரணம் துப்பாக்கியில் இருப்பதில்லை. உள்ளே போகும் ஈயக் குண்டின் வடிவத்திலும் நீளத்திலும் இருக்கிறது. அந்தக் குண்டை வார்க்கும் சரியான அச்சைத் தேடி அவர்கள் பழம்பொருள் சந்தைகளில் அலைவது இதனால்தான்.

ஒரு சிறிய ஈயத் துண்டுக்கு இத்தனை அதிகாரம் எப்படி வந்தது? அதைத்தான் இந்தக் கட்டுரையில் காணப் போகிறோம்.

குண்டுக்கு ஒரே ஒரு எசமானன்

முதலில் சில சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். பேச்சு வழக்கில் குண்டையும் தோட்டாவையும் ஒன்றாகவே சொல்கிறோம். இலக்கை நோக்கிப் பறந்து செல்வது குண்டு. அந்தக் குண்டு, வெடிமருந்து, மருந்துக்குத் தீ மூட்டும் கேப்பு ஆகிய மூன்றையும் தாங்கும் உலோகக் கூடு உறை. இவை நான்கும் சேர்ந்த முழுப்பொருளே தோட்டா.

பழைய நாளில் தோட்டா என்ற முழுப்பொருள் கிடையாது. துப்பாக்கியின் வாய் வழியே மருந்தைக் கொட்டி, அதன்மேல் ஈயக் குண்டை வைத்து, கழியால் இடித்து இறக்குவார்கள். நன்கு பழகிய படைவீரன் நிமிடத்திற்கு மூன்று முறை சுடுவான். அந்தக் குண்டுக்கு ஒரே ஒரு எசமானன்தான் உண்டு: குழல். குழலின் விட்டத்திற்குப் பொருந்தினால் போதும். நீளமோ மூக்கின் வடிவமோ ஒரு பொருட்டல்ல.

ஒரு துப்பாக்கிப் பட்டறையின் குழலும் அடுத்த பட்டறையின் குழலும் அளவில் ஒத்திராத காலம் அது. ஆகவே துப்பாக்கியை விற்கும்போதே அதற்கான குண்டு அச்சையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கமாயிருந்தது. பாக்குவெட்டியைப் போல இரண்டு கைப்பிடிகள். முனையில் இரண்டு உலோகப் பாளங்கள். பாளங்களை மூடினால் நடுவில் ஒரு குழிவு. உருக்கிய ஈயத்தை அதில் ஊற்றி, இறுகியதும் திறந்தால் குண்டு விழும். துப்பாக்கியும் அச்சும் இரட்டைப் பிள்ளைகள் போலவே இருந்தன. பின்னாளில் இந்த இரட்டையர் பிரிந்ததுதான் நம் கதையின் சிக்கல்.

ஊக்கு கண்டவரின் துப்பாக்கி

ஒரு முறை நிரப்பிப் பல முறை சுடும் துப்பாக்கி வேண்டும் என்ற ஆசை மிகப் பழையது. அமெரிக்காவில் அந்த ஆசைக்கு வழி திறந்தவர்களுள் ஒருவர் வால்ட்டர் ஹண்ட். நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் ஒரு பொருள் இவருடைய கண்டுபிடிப்பு. அதுதான் சேஃப்டி பின் என்னும் ஊக்கு. 1849-இல் அதற்குக் காப்புரிமை பெற்று, அந்த உரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டார். 1830-களில் தையல் இயந்திரம் ஒன்றையும் அமைத்து, காப்புரிமை பெறாமலே விட்டவர் அவர்.

1848-இல் ஹண்ட் ஒரு புதுமையான குண்டுக்குக் காப்புரிமை பெற்றார். குண்டின் அடிப்பகுதியைக் குடைந்து, அந்தக் குடைவுக்குள்ளேயே வெடிமருந்தை அடைத்து, அடியைத் தக்கையால் மூடினார். தீப்பொறி புகுவதற்குத் தக்கையில் ஒரு துளை. தனியாக உறை இல்லை. அடுத்த ஆண்டே, இந்தக் குண்டுகளைக் குழலுக்கு அடியில் ஒரு குழாயில் வரிசையாக அடுக்கி, நெம்புகோலால் ஒவ்வொன்றாக மேலேற்றும் துப்பாக்கிக்கும் காப்புரிமை பெற்றார். இவற்றுள் குண்டு முந்தியது, துப்பாக்கி பிந்தியது என்பதைக் கவனியுங்கள். இயந்திரம் தனக்குத் தானே தோட்டாவை ஊட்டிக்கொள்ள வேண்டுமானால், ஊட்டத்தக்க தோட்டா முதலில் வேண்டும். இதை ஹண்ட் உணர்ந்திருந்தார்.

ஆனால் அந்தத் துப்பாக்கி மிகச் சிக்கலானது. லூயிஸ் ஜென்னிங்ஸ் அதை எளிமைப்படுத்தினார். பின்னர் ஹொரேஸ் ஸ்மித், டேனியல் வெஸ்ஸன் இருவரும் அதை மேலும் திருத்தினர். 1855-இல் 'வால்கானிக்' என்ற பெயரில் ஒரு நிறுவனம் தோன்றியது. அதில் பணம் போட்டவர்களுள் ஒருவர், சட்டை தைத்து விற்று வணிகத்தில் முன்னேறிய ஆலிவர் வின்செஸ்டர்.

வால்கானிக் துப்பாக்கி விற்பனையில் தோற்றது. குண்டின் குடைவுக்குள் கொள்ளும் மருந்து மிகவும் குறைவு. ஆகவே வேகமும் குறைவு. உறை இல்லாததால் வெடிப்பின் வாயு பின்புறமாகக் கசிந்தது. ஒரு குண்டு வெடிக்காமல் போனால் அதை வெளியே இழுப்பதற்குப் பிடித்துக்கொள்ளும் விளிம்பும் இல்லை. இயந்திரம் திறமையாகவே இருந்தது. அதற்குக் கொடுத்த உணவுதான் சரியில்லை.

முழங்காலும் செங்கல்லும்

வின்செஸ்டரின் பட்டறையில் பொறுப்பாளராக இருந்த பெஞ்சமின் டைலர் ஹென்றி இதற்குத் தீர்வு கண்டார். அவர் செம்பு உறை கொண்ட தோட்டாவை உருவாக்கி, அதற்கேற்பத் துப்பாக்கியைத் திருத்தி, 1860 அக்டோபர் 16-இல் காப்புரிமை பெற்றார். உறையின் அடிவிளிம்பின் உட்புறத்தில் தீமூட்டும் மருந்து. அந்த விளிம்பில் எங்கே அடித்தாலும் தோட்டா வெடிக்கும். 14 கிராம் எடையுள்ள குண்டு, சுமார் 1.7 கிராம் கருமருந்து. அக்காலப் படைத் துப்பாக்கியின் குண்டு ஏறத்தாழ 32 கிராம், மருந்து சுமார் 4 கிராம் என்பதோடு ஒப்பிட்டால், ஹென்றியின் தோட்டா வலிமையில் குறைந்ததே. ஆனால் ஒரு முறை நிரப்பினால் குழாயில் 15 அல்லது 16 தோட்டாக்கள் கொள்ளும்.

இந்தத் துப்பாக்கி வேலை செய்யும் முறையைச் சற்றுப் பொறுமையாகப் பாருங்கள். கட்டுரையின் மையம் இதுதான்.

குழலுக்கு அடியில் ஒரு நீண்ட குழாய். அதில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக, மூக்கு முன்புறமும் அடி பின்புறமுமாகக் கிடக்கின்றன. முன்னாலிருந்து ஒரு சுருள்வில் எல்லாவற்றையும் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. குழாயின் பின்முனையில் செங்கல் வடிவில் ஒரு பித்தளைக் கட்டை உண்டு. அதன் நடுவே ஒரு துளை. இதை ஏற்றுக்கட்டை என்று அழைப்போம். வரிசையில் கடைசியாக உள்ள தோட்டா அந்தத் துளைக்குள் வந்து அமர்ந்துவிடும்.

இப்போது கைப்பிடியின் கீழுள்ள நெம்புகோலை முன்னோக்கித் தள்ளுங்கள். மனித முழங்காலைப் போன்ற இரட்டை மூட்டு மடங்கி, தாழ்தண்டைப் பின்னே இழுக்கிறது. காலியான பழைய உறை வெளியேறுகிறது. ஏற்றுக்கட்டை, கிணற்று வாளியைப் போல, தோட்டாவுடன் நேரே மேலே ஏறி வெடியறைக்குப் பின்னால் நிற்கிறது. நெம்புகோலை மீண்டும் இழுத்தால் முழங்கால் நிமிர்கிறது. தாழ்தண்டு தோட்டாவை நேராக வெடியறைக்குள் தள்ளுகிறது. கட்டை கீழே இறங்கி அடுத்த தோட்டாவை ஏற்றுக்கொள்கிறது.

இங்கே ஒரு கேள்வி. ஏற்றுக்கட்டை மேலே ஏறும்போது, அதன் பின்னாலேயே முட்டிக்கொண்டு நிற்கும் இரண்டாவது தோட்டாவைத் தடுத்து நிறுத்துவது எது? கதவு இல்லை, தாழ்ப்பாளும் இல்லை. கட்டைக்குள் இருக்கும் முதல் தோட்டாவின் நீளம்தான் தடுக்கிறது! அந்தத் தோட்டா கட்டையின் நீளத்திற்குச் சரியாக இருந்தால், இரண்டாவது தோட்டாவின் அடி கட்டையின் வாயிலோடு நின்றுவிடும். கட்டை தடையின்றி ஏறும்.

முதல் தோட்டா சற்றே நீளமாக இருந்தால் அதன் மூக்கு குழாய்க்குள் நீட்டிக்கொண்டு நிற்கும், கட்டை ஏறாது, நெம்புகோல் பாதியில் பூட்டிக்கொள்ளும். சற்றே குட்டையாக இருந்தாலோ, இரண்டாவது தோட்டாவின் அடி கட்டைக்குள் புகுந்து நிற்கும். அப்போதும் கட்டை ஏறாது. கட்டையின் விளிம்பைச் சிறிது சரிவாகச் செதுக்கியிருப்பதால் மிகச் சொற்பமான பிழையை அது பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் பொறுக்காது.

ஆகவே இந்த இயந்திரத்தில் தோட்டா வெறும் தீனி அன்று. அதுவே அடைப்பான், அதுவே அளவுகோல். கடிகாரத்தில் ஒரு பற்சக்கரம் எப்படியோ அப்படி அதுவும் ஓர் உறுப்பு. ஒவ்வொரு வேட்டுக்கும் ஒரு முறை மாற்றப்படும் உறுப்பு என்பதே வேறுபாடு.

மூக்கைத் தட்டையாக்கிய காரணம்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஹென்றி துப்பாக்கி பெயர் பெற்றது. அதன் குழாயின் அடியில் நெடுக ஒரு பிளவு இருந்தது. தூசியும் மண்ணும் அதில் புகும். சுருள்வில்லைத் தள்ளும் மொட்டு அந்தப் பிளவின் வழியே நகர்ந்து வருவதால், சுடுபவரின் இடது கை அதை இடறித் தடுத்துவிடும். 1866 மாதிரியில் நெல்சன் கிங் என்பவர், பக்கவாட்டில் ஒரு சிறு வில்கதவை வைத்து அதன் வழியே தோட்டாக்களை நிரப்பும் முறையைக் கொண்டுவந்தார். குழாயை முழுவதும் மூட முடிந்தது. வின்செஸ்டர் பெயர் தாங்கிய முதல் துப்பாக்கி இதுவே.

அடுத்து வந்தது 1873 மாதிரி. அதன் தோட்டாவுக்கு '44-40' என்று பெயர் வழங்கலாயிற்று. விட்டம் அங்குலத்தில் நூற்றுக்கு 44 பங்கு, மருந்து 40 கிரெயின், அதாவது சுமார் 2.6 கிராம் என்பது அதன் பொருள். இந்தத் தோட்டாவில் தீமூட்டும் கேப்பு அடியின் நடுவில் இருந்தது.

இங்கே ஒரு புதிய ஆபத்து எழுந்தது. குழாயில் ஒரு தோட்டாவின் மூக்கு அதற்கு முன்னால் உள்ள தோட்டாவின் அடி நடுவில், அதாவது கேப்பின் மீது முட்டிக்கொண்டிருக்கிறது. சுடும்போது துப்பாக்கி பின்னோக்கி உதைக்கும். வரிசையிலுள்ள தோட்டாக்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். மூக்கு கூராக இருந்தால் அது கேப்பைக் குத்தி, குழாய்க்குள்ளேயே தோட்டா வெடித்துவிடக் கூடும். ஆதலால் 44-40 குண்டின் மூக்கைத் தட்டையாக அமைத்தார்கள். பார்வைக்கு அழகில்லாத அந்தத் தட்டை மூக்கு, சுடுபவரின் இடது கையைக் காப்பாற்றும் ஏற்பாடு.

பிரான்ஸ் நாடு 1886-இல் ஏற்றுக்கொண்ட லெபெல் துப்பாக்கியிலும் இப்படியொரு குழாய்தான். அதன் முதல் குண்டும் தட்டை மூக்குடையதே. 1898-இல் காற்றைக் கிழித்துச் செல்லும் கூர்மூக்குக் குண்டுக்கு அந்நாடு மாறியபோது, உறையின் அடியில் கேப்பைச் சுற்றி ஒரு வட்டப் பள்ளம் வெட்டினார்கள். பின்னால் வரும் குண்டின் கூர்முனை கேப்பைத் தொடாமல் அந்தப் பள்ளத்தில் சென்று தங்கும். மூக்கை மாற்றியவுடன் அடியையும் மாற்ற வேண்டியதாயிற்று, பார்த்தீர்களா!

1892-இல் ஜான் பிரௌனிங் வடிவமைத்த வின்செஸ்டர் வேறொரு வேண்டுகோளை விடுத்தது. அதில் செங்கல் வடிவக் கட்டை இல்லை; சிறு கரண்டி போன்ற ஒன்று தோட்டாவைச் சாய்வாகத் தூக்கும். தோட்டா சரிவில் ஏறி வெடியறைக்குள் வளைந்து நுழைய வேண்டும். மூக்கை அடுத்துக் கூரான தோள்விளிம்பு கொண்ட குண்டானால், அந்த விளிம்பு வெடியறையின் வாயில் தட்டி நிற்கும். ஒரு துப்பாக்கி நீளத்தில் கண்டிப்பு. மற்றொன்று முகவெட்டில் கண்டிப்பு.

மறைந்துபோன மருந்தின் வெற்றிடம்

கதையில் அடுத்த திருப்பத்தை வேதியியல் கொண்டுவந்தது. 1884-இல் பால் வியேய் என்ற பிரெஞ்சு வேதியியலார் புகையற்ற வெடிமருந்தைச் செய்து காட்டினார். 1890-களில் 44-40 தோட்டாவையும் அந்த மருந்தால் நிரப்பத் தொடங்கினர். கருமருந்து உறையை வாய்வரை நிறைத்து, அழுத்தப்பட்டு இருக்கும். குண்டு அதன்மேல் மேடையில் அமர்வதுபோல் அமர்ந்திருக்கும். அது கீழே இறங்க முடியாது. எனவே பழைய 44-40 குண்டில், உறையின் வாயை மடித்துப் பற்றிக்கொள்வதற்கான பள்ளம் எதுவும் வைக்கவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

புகையற்ற மருந்துக்கு ஆற்றல் மிகுதி. ஆகவே கொஞ்சம் போட்டால் போதும். உறைக்குள் பெரும்பகுதி வெற்றிடம். மேடை போய்விட்டது! குழாயில் சுருள்வில்லின் அழுத்தமும் ஒவ்வொரு வேட்டின் உதைப்பும் சேர்ந்து குண்டை உறைக்குள் மெல்ல மெல்ல அமுக்கின. தோட்டா குட்டையானது. குட்டையான தோட்டா என்ன செய்யும் என்பதை மேலே பார்த்தோம்: கட்டை சிக்கிக்கொள்ளும். அதோடு உறைக்குள் இடம் குறைவதால் வெடிப்பின் அழுத்தமும் அளவுமீறி உயரும். இதைத் தடுக்க, குண்டின் அடி இறங்கும் இடத்தில் உறையையே சுற்றிலும் நெரித்து உள்ளே ஒரு வரம்பு உண்டாக்கினர். குண்டிலேயே ஓர் இறுக்குப் பள்ளம் வைக்கும் வழக்கமும் வந்தது.

இந்த இறுக்குப் பள்ளம் மற்றொரு பணியையும் ஏற்றுக்கொண்டது. உறையின் வாய் அந்தப் பள்ளத்தில்தான் மடியும். எனவே பள்ளத்திலிருந்து மூக்கு நுனி வரை உள்ள நீளமே தோட்டாவின் மொத்த நீளத்தை முடிவு செய்கிறது. ஒரு சிறு கணக்குப் போடுவோம். 44-40 உறையின் நீளம் சுமார் 33.1 மி.மீ. தோட்டாவின் உச்ச நீளம் சுமார் 40.4 மி.மீ. கழித்தால், மூக்குக்குக் கிடைப்பது 7.3 மி.மீ. மட்டுமே. வேறு ஏதோ துப்பாக்கிக்கான அச்சில் 9 மி.மீ. மூக்குடைய குண்டை வார்த்து வைத்தால் தோட்டா 42.1 மி.மீ. ஆகிவிடும். அந்த 1.7 மி.மீ. மிகுதியே கட்டையைப் பூட்டப் போதுமானது.

ஆக, அச்சுக்குள் இருக்கும் அந்தக் குழிவில் துப்பாக்கியின் ஓட்டமே அடங்கிக் கிடக்கிறது.

செர்ரிப் பழமும் எண்களும்

அச்சின் குழிவை எப்படி வெட்டுகிறார்கள்? குண்டின் வடிவிலேயே ஒரு வெட்டுக்கருவியை எஃகில் செய்துகொள்வார்கள். அதற்குப் பட்டறை வழக்கில் 'செர்ரி' என்று பெயர். செர்ரியைச் சுழலவிட்டு, அச்சின் இரண்டு பாளங்களையும் இருபுறத்திலிருந்து அதன்மேல் நெருக்குவார்கள். பாதி வடிவம் ஒவ்வொரு பாளத்திலும் பதிந்துவிடும். உருகிய ஈயம் ஆறும்போது சுருங்குமாதலால், குழிவு குண்டைவிடச் சற்றுப் பெரியதாக இருத்தல் வேண்டும். ஈயத்தோடு வெள்ளீயம் சிறிது சேர்த்தால் உருகிய உலோகம் குழிவின் மூலைமுடுக்கெல்லாம் நன்கு நிரம்பும். கலவை மாறினால் சுருக்கமும் மாறும். ஒரே அச்சில் இருவேறு கலவைகளை ஊற்றினால் குண்டின் விட்டம் இருவேறாக வரும்.

செர்ரி தேயும், சாணை பிடித்தால் சிறுக்கும். ஆகவே ஒரே எண் பொறித்த இரண்டு பழைய அச்சுகளும்கூட அளவில் சிறிது வேறுபட்டிருக்கக் காணலாம்.

'எண் பொறித்த' என்றேனே, அது என்ன எண்? நியூ ஹேவன் நகரில் ஜான் பார்லோ என்பவர் 1884-இல் ஐடியல் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, தோட்டாக்களை மீண்டும் நிரப்பும் கருவிகளையும் அச்சுகளையும் விற்றார். அவருடைய அச்சுகளில் ஒரு எளிய முறை இருந்தது. எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள், குண்டின் விட்டத்தை அங்குலத்தில் ஆயிரத்தில் பங்காகக் காட்டும். எஞ்சியவை செர்ரியின் வரிசை எண். 44-40-க்கான அச்சின் எண் 42798. அதாவது ஆயிரத்தில் 427 பங்கு அங்குலம், 98-ஆவது செர்ரி. ஐடியல் நிறுவனம் பின்னர் மார்லின் கைக்கும், 1925-இல் லைமன் நிறுவனத்தின் கைக்கும் மாறியது. எண் முறை மட்டும் மாறவில்லை. ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய குண்டை இன்று இனங்காண உதவும் திறவுகோல் இந்த எண்களே.

மாண்டானா மேட்டில் கிடைத்த சாட்சிகள்

தோட்டா சிக்குவது வரலாற்றில் எவ்வளவு பெரிய வழக்காக முடியும் என்பதற்கு ஒரு சான்று. 1876 ஜூன் 25-இல், அமெரிக்காவின் மாண்டானா பகுதியில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில், லகோடா, செயென் பழங்குடி மக்களோடு நடந்த போரில் கஸ்டர் என்ற படைத்தலைவரும் அவருடன் நின்ற 200-க்கும் மேற்பட்டோரும் மாண்டனர். படைவீரர்களிடம் இருந்தது ஒரு வேட்டு ஸ்பிரிங்ஃபீல்ட் துப்பாக்கி. அதன் செம்பு உறைகள் சூட்டில் வெடியறையோடு ஒட்டிக்கொண்டு வெளிவராமல் சிக்கியதே தோல்விக்குக் காரணம் என்று நெடுநாள் பேசப்பட்டு வந்தது.

1983-இல் அந்தப் புல்வெளியைத் தீ எரித்தது. நிலம் வெளிப்பட்டதும், 1984, 1985 ஆண்டுகளில் டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்ட் ஃபாக்ஸ் ஆகிய தொல்லியலாளர்கள் உலோகமறிகருவிகளுடன் அங்குலம் அங்குலமாக ஆராய்ந்தனர். கிடைத்த உறைகளில் அடிமுள் பதித்த தடங்களைக் கைரேகையைப் போல ஒப்பிட்டு, எந்த உறை எந்தத் துப்பாக்கியிலிருந்து வந்தது, அது களத்தில் எங்கெங்கு நகர்ந்தது என்று கண்டனர். பழங்குடி வீரர்களிடம் ஹென்றி, 1866, 1873 மாதிரிகள் இருந்தமை உறுதியாயிற்று. படைவீரர்களின் உறைகளில் நெம்பி எடுத்த கீறல்கள் உள்ளவையோ மிகச் சொற்பமே. துப்பாக்கி சிக்கியதால்தான் தோற்றார்கள் என்ற வாதம் வலுவிழந்தது. நூறாண்டு வழக்கில், துப்பாக்கிகள் அல்ல, தூக்கி எறியப்பட்ட உறைகளே சாட்சி சொல்லித் தீர்ப்பை மாற்றின.

பிரதி எடுத்தவர்கள் விட்டது

இனி நம் காலத்திற்கு வருவோம். அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு நெருங்கிய 1950-களின் இறுதியில், பழைய துப்பாக்கிகளின் பிரதிகளுக்குத் தேவை எழுந்தது. பல நூற்றாண்டுகளாகத் துப்பாக்கித் தொழில் நடக்கும் வட இத்தாலியின் வால் டிராம்பியா பள்ளத்தாக்கில், ஆல்டோ உபர்ட்டி 1959-இல் தம் பட்டறையைத் தொடங்கினார். முதலில் கைத்துப்பாக்கிகள்; பின்னர் 1866, 1873, ஹென்றி மாதிரிகள் யாவும் வெளிவந்தன.

ஆனால் ஹென்றியின் பழைய தோட்டா அப்போது சந்தையில் இல்லை. 1934-ஐ ஒட்டி அதன் உற்பத்தி நின்றுவிட்டிருந்தது. அந்தத் தோட்டாவின் நீளம் சுமார் 34 மி.மீ. கிடைக்கும் தோட்டாவான 44-40-இன் நீளமோ 40 மி.மீ.க்கு மேல். எனவே பிரதி செய்தவர்கள் துப்பாக்கியின் உடலையும் ஏற்றுக்கட்டையையும் சற்று நீட்டினார்கள். 'அச்சு அசல்' என்று விற்கப்படும் பிரதி அசலைவிட நீளமாக இருப்பதன் இரகசியம் இதுவே.

பழைய நாளில் அந்தத் துப்பாக்கிகளுக்கு இல்லாத தோட்டாக்களையும் இன்று பொருத்துகிறார்கள். கோல்ட் கைத்துப்பாக்கியின் 45 தோட்டாவில் வின்செஸ்டர் அக்காலத்தில் ரைபிள் செய்யவில்லை. அந்த உறையின் அடிவிளிம்பு மிகக் குறுகலாக இருந்ததால் கொக்கி பிடிக்காது என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். இன்றைய உறைகளின் விளிம்பு சற்று அகன்றது. ஆகவே பிரதிகளில் அது ஓடுகிறது. குழல் விட்டத்திலும் ஒரு மாற்றம். பழைய 44-40 குழலுக்கு ஆயிரத்தில் 427 பங்கு அங்குலக் குண்டு. இன்றைய பிரதிகள் பலவற்றுக்கு 429 வேண்டும். வேறுபாடு 0.05 மி.மீ., ஒரு தலைமயிரின் பருமனுக்கும் குறைவு. ஆனாலும் பழைய அச்சை அரும்பாடுபட்டுத் தேடிப்பிடித்தவரின் குண்டு புதிய குழலில் தளர்வாகச் சென்று குறி தவறும்.

அச்சு தேடுவோருக்கு இன்று மூன்று வழிகள் உள்ளன. பழம்பொருள் சந்தையில் அசல் அச்சை வாங்கலாம். அதில் வரலாறு முழுமையாக இருக்கும், ஆனால் இறுக்குப் பள்ளம் இருக்காது. பழைய எண் வரிசையில் வந்த அச்சுகளைத் தேடலாம். அல்லது, கணிப்பொறி இயக்கும் கடைசல் பொறிகளில் வரைபடத்தின்படியே அச்சு வெட்டித் தரும் சிறு பட்டறைகளை நாடலாம். இந்தப் புது அச்சுகளின் குண்டை உற்று நோக்கினால் நாம் இதுவரை படித்ததெல்லாம் அதில் எழுதியிருப்பதைக் காணலாம். தட்டை மூக்கு 1873-இன் கேப்பை நினைவூட்டும். இறுக்குப் பள்ளம் புகையற்ற மருந்தைச் சொல்லும். கருமருந்தின் கரியை இளக்குவதற்குக் கொழுப்பு தடவிய அகன்ற பள்ளங்கள் அதற்கும் முந்திய காலத்தைக் காட்டும். பள்ளத்திலிருந்து மூக்குவரை உள்ள 7.3 மி.மீ., ஹென்றியின் செங்கல்லுக்குச் செலுத்தும் மரியாதை.

ஏற்றுவதைச் சீராக்க இயந்திரத்தையும் திருத்துகிறார்கள். கனத்த பித்தளைக் கட்டைக்குப் பதிலாக இலேசான அலுமினியக் கட்டை வைக்கிறார்கள். முழங்கால் மூட்டின் கணுக்களை மாற்றி நெம்புகோல் நகரும் தூரத்தைக் குறைக்கிறார்கள். இவற்றால் வேகம் கூடும். ஆனால் தோட்டாவின் நீளம் தவறாக இருந்தால், இந்தத் திருத்தங்கள் ஒன்றும் துணைக்கு வாரா. தவறு இன்னும் வேகமாகச் சிக்கிக்கொள்ளும், அவ்வளவே.

நமக்கு என்ன பாடம்?

நீங்கள் துப்பாக்கியைக் கையால் தொடாதவராக இருக்கலாம். தொடாமலிருப்பதில் இழப்பு ஒன்றும் இல்லை. ஆயினும் இந்தக் கதையின் பாடம் எல்லாப் பொறிகளுக்கும் பொருந்தும். தனக்குத் தானே ஊட்டிக்கொள்ளும் இயந்திரம் எதிலும், ஊட்டப்படும் பொருள் இயந்திரத்தின் உறுப்பாகிவிடுகிறது. திரைப்படக் கருவியில் படச்சுருளின் ஓரத் துளைகள் அப்படி; பழைய கணிப்பொறியில் துளையிட்ட அட்டைகள் அப்படி; நெசவாலைத் தறியில் ஊடைக்கண்டு அப்படி.

நாமோ இயந்திரத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காக்கிறோம். அதற்கு ஊட்டிய பொருளையும், அந்தப் பொருளைச் செய்த அச்சையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறோம். பின்னால் வருபவர் அந்த இயந்திரத்தை ஓட்டிப் பார்க்க விரும்பினால், பாதி இயந்திரம்தான் அவருக்குக் கிடைக்கிறது. எஞ்சிய பாதியை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக மறுபடியும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

அடுத்த முறை அருங்காட்சியகத்தில் ஒரு பழைய பொறியைக் காணும்போது, 'இது எப்படி ஓடியது?' என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். 'இது எதைத் தின்றது? அதைச் செய்த அச்சு எங்கே?' என்றும் கேளுங்கள். வரலாற்றின் மறுபாதி அந்த விடையில் இருக்கும்.